வெள்ளக்கடை மழைக் கருவி முதல் செவ்வாய் ஹெலிகாப்டர் வரை: யார் இந்த டெனிஸ் ரிட்சி?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏற்காடு ஏறி, அங்கிருந்து சேர்வராயன் மலைக் கிராமங்களுக்குள் போனால் வெள்ளக்கடை. காபியும் மிளகும் விளையும் மண். இங்கே கோடையில் பெய்யும் மழைதான் காபிச் செடியைப் பூக்க வைக்கும். அது தவறினால் அந்த வருட மகசூலே ஆட்டம் கண்டுவிடும்.

ஒரு தோட்டக்காரர் ‘இந்த வாரம் மழை இருக்கா?’ என்று செல்போனை எடுத்துப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஆண்ட்ராய்டு போன் என்றால், உள்ளே ஓடுவது லினக்ஸ் கெர்னல். இந்தியாவுக்கான வானிலைக் கணிப்பைப் போடும் புனே ‘அர்கா’, நொய்டா ‘அருணிகா’ ஆகிய சூப்பர் கம்ப்யூட்டர்களில் ஓடுவதும் லினக்ஸ்தான். தோட்டத்தில் ஒரு குட்டி மழைக் கருவி வைத்திருந்தால், அதற்குள் இருக்கும் நிரல் அநேகமாக ‘சி’ மொழியில் எழுதப்பட்டிருக்கும்.

கோடிகளில் விலை போகும் சூப்பர் கம்ப்யூட்டரும், சில நூறு ரூபாய் சிப்பும் எப்படி ஒரே வம்சமாகின? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் இரண்டு பேரிடம் போய் நிற்போம். ஒருவர் கென் தாம்சன். இன்னொருவர் அவருடைய சகா டெனிஸ் ரிட்சி. 2011 அக்டோபரில் ரிட்சி இறந்தபோது, அவர் மொழியில் எழுதப்பட்ட மென்பொருளைத் தினமும் பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அவர் பெயரே தெரியாது.

அப்பா வேலை பார்த்த அதே ஆபீஸ்

டெனிஸ் மேக்அலிஸ்டர் ரிட்சி 1941 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். அப்பா அலிஸ்டர் ரிட்சி, பெல் ஆய்வகத்தின் விஞ்ஞானி. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி-யின் ஆராய்ச்சிப் பிரிவுதான் பெல் ஆய்வகம். டிரான்சிஸ்டர் பிறந்த இடம் அது. தொலைபேசி இணைப்புகளை மாற்றிவிடும் ஸ்விட்சிங் சர்க்யூட்டுகள் பற்றிய முக்கியமான நூல் ஒன்றை எழுதியவர்களில் டெனிஸின் அப்பாவும் ஒருவர்.

டெனிஸ் ஹார்வர்டில் இயற்பியல் படித்து 1963-ல் பட்டம் பெற்றார். பிறகு அங்கேயே கணிதப் பிரிவில் முனைவர் பட்ட ஆய்வு. 1968-ல் ஆய்வேட்டை எழுதியும் முடித்துவிட்டார். ஆனால், அதை பைண்டிங் செய்து நூலகத்தில் ஒப்படைக்கும் கடைசி வேலையை அவர் செய்யவே இல்லை. ஆகவே, கணினி உலகின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரான அவருக்குக் கடைசிவரை முனைவர் பட்டம் இல்லை. பட்டத்தைவிட வேலை முக்கியம் என்று வாழ்ந்தவர். 1967-லேயே அப்பா வேலை பார்த்த பெல் ஆய்வகத்தில் சேர்ந்திருந்தார். கடைசிவரை அவருடைய வாழ்க்கை அதைச் சுற்றித்தான்.

கைவிட்ட ப்ராஜெக்ட், ஓரத்தில் கிடந்த மெஷின்

அப்போது கணினிகள் ஓர் அறையையே அடைக்கும் அளவுக்குப் பெரியவை. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டும் என்பதற்காக எம்ஐடி, ஜெனரல் எலெக்ட்ரிக், பெல் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து ‘மல்டிக்ஸ்’ என்ற இயங்குதளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தன. இயங்குதளம் என்றால் வேறொன்றுமில்லை. ஹார்டுவேருக்கும் நம் ஆப்களுக்கும் நடுவில் நின்று நினைவகம், ஃபைல், நேரம் எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுக்கும் மேலாளர்.

மல்டிக்ஸ் இழுத்துக்கொண்டே போனது. செலவும் கூடியது. 1969-ல் பெல் ஆய்வகம் விலகிக்கொண்டது. அதில் வேலை செய்த ரிட்சிக்கும் தாம்சனுக்கும் பெரிய ஏமாற்றம். நல்ல கணினி ஒன்று வாங்கித் தாருங்கள் என்று கேட்டார்கள். நிர்வாகம் மறுத்துவிட்டது.

ஆய்வகத்தில் ‘பிடிபி-7’ என்ற பழைய கணினி ஒன்று அதிகம் பயன்படாமல் கிடந்தது. அதன் நினைவகம் எட்டாயிரம் சொற்கள் அளவுதான். இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் போட்டோகூட அதில் அடங்காது. அதில் ஒரு விண்வெளி விளையாட்டை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தாம்சன், 1969 கோடையில் அதே மெஷினுக்கு ஒரு சின்ன இயங்குதளத்தை எழுதினார். ரிட்சி கூடச் சேர்ந்தார். அதுதான் ‘யூனிக்ஸ்’. மல்டிக்ஸ் என்ற பெயரைக் கிண்டலடித்து வைத்த பெயர் அது.

வசதி இல்லாததே வரமாகிவிட்டது. நினைவகம் குறைவு என்பதால் எல்லாவற்றையும் சின்னதாக எழுத வேண்டியிருந்தது. ஒரு கருவி ஒரு வேலையை மட்டும் செய்யும், பெரிய வேலைக்குப் பல கருவிகளைக் கோத்துக்கொள்ளலாம் என்ற பழக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அடுத்து ‘பிடிபி-11’ என்ற புதிய கணினி வேண்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவுக்கு ஆவணங்கள் தயாரிக்கும் வசதியைச் செய்து தருகிறோம் என்று சொல்லித்தான் அந்த மெஷினை வாங்கினார்கள். ஆக, யூனிக்ஸின் முதல் ‘கஸ்டமர்கள்’ காப்புரிமை விண்ணப்பம் தட்டச்சு செய்தவர்கள்!

‘சி’ மொழி: அப்படி என்ன பெரிய விஷயம்?

ரிட்சியின் பெயர் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான்.

அந்தக் காலத்தில் இயங்குதளத்தை அசெம்பிளி மொழியில் எழுதுவார்கள். ஒவ்வொரு கணினிக்கும் அசெம்பிளி வேறு. மெஷினை மாற்றினால் இயங்குதளத்தையும் முதலிலிருந்து எழுத வேண்டும். ஒரு வீட்டுக்குத் தைத்த திரைச்சீலை அடுத்த வீட்டு ஜன்னலுக்குச் சேராத மாதிரி.

பிசிபிஎல் என்ற மொழியைச் சுருக்கி தாம்சன் ‘பி’ என்ற மொழியை உருவாக்கியிருந்தார். 1971 முதல் 1973 வரை ரிட்சி அதை வளர்த்து, தரவு வகைகளைச் சேர்த்து, புதிய மொழியாக்கினார். ‘பி’க்கு அடுத்தது ‘சி’. மனிதர் படிக்கும் அளவுக்குத் தெளிவு இருந்தது. மெஷினின் நினைவகத்தை நேரடியாகத் தொடும் அளவுக்கு நெருக்கமும் இருந்தது. இந்த இரண்டும் ஒரே மொழியில் சேர்ந்ததுதான் விசேஷம்.

1973-ல் யூனிக்ஸ் கெர்னலையே ‘சி’யில் திருப்பி எழுதினார்கள். 1977-ல் ரிட்சியும் ஸ்டீவ் ஜான்சனும் அதை ‘இன்டர்டேட்டா’ என்ற முற்றிலும் வேறு வகைக் கணினிக்குக் கொண்டுபோனார்கள். அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவின் வுலாங்கொங் பல்கலைக்கழகமும் தனியாக அதையே செய்துகாட்டியது. இனி இயங்குதளம் ஒரு மெஷினோடு கட்டிப்போட்ட பொருள் இல்லை. ஒரே மூல நிரலை வேறு வேறு சிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். இன்றைக்கு சூப்பர் கம்ப்யூட்டரிலும் வைஃபை ரூட்டரிலும் ஒரே லினக்ஸ் ஓடுவதற்கு அடிப்படை இந்த யோசனைதான்.

1978-ல் பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து எழுதிய ‘சி’ மொழிப் புத்தகம் வந்தது. ‘கே அண்ட் ஆர்’ என்று செல்லமாகச் சொல்லப்படும் அது மிகவும் மெல்லிய புத்தகம். தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் மாணவர்கள் பல தலைமுறைகளாக முதலில் தொட்ட நிரல் மொழி, அந்தப் புத்தகம் விளக்கிய மொழிதான்.

டேப்பில் ஊர் ஊராகப் போன மூல நிரல்

ரிட்சியும் தாம்சனும் எழுதிய யூனிக்ஸ் கட்டுரை 1974 ஜூலையில் வெளியானதும் பல்கலைக்கழகங்களிலிருந்து கேட்டு வரத் தொடங்கினார்கள். இங்கே ஒரு சட்டச் சிக்கல் உதவிக்கு வந்தது. தொலைபேசித் துறையில் ஏகபோகமாக இருந்த ஏடி அண்ட் டி, 1956-ல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி வேறு தொழிலில் இறங்கக் கூடாது. யூனிக்ஸை ஒரு பொருளாக விற்க வழியில்லை. ஆகவே, பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பக் கட்டணத்தில், மூல நிரலோடு சேர்த்தே டேப்பில் அனுப்பினார்கள். உத்தரவாதம் கிடையாது, ரிப்பேருக்கு ஆள் அனுப்புவதும் கிடையாது.

ரிப்பேருக்கு ஆள் வராததால் என்ன ஆனது? பயன்படுத்தியவர்களே திறந்து பார்த்துச் சரிசெய்தார்கள். சரிசெய்ததை அடுத்தவருக்கும் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ், சுமார் 9,000 வரிகள் கொண்ட யூனிக்ஸ் கெர்னலை வரிக்கு வரி விளக்கி மாணவர்களுக்குப் பாடநூல் தயாரித்தார். உண்மையாகவே வேலை செய்யும் ஓர் இயங்குதளத்தை மாணவர்கள் முழுசாகப் படிக்க முடிந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தன் பங்குக்கு ‘பிஎஸ்டி’ என்ற வடிவத்தை உருவாக்கி, 1983-ல் அதில் இணைய வசதியையும் சேர்த்து வெளியிட்டது.

இதெல்லாம் ‘ஓப்பன் சோர்ஸ்’ ஆகிவிடுமா? ஆகாது. நிரலைப் பார்க்கலாம், திருத்தலாம். ஆனால், உரிமம் வாங்காதவருக்குக் காட்டக் கூடாது. கதவு திறந்திருந்ததே தவிர, சாவி நிறுவனத்தின் கையில்தான் இருந்தது.

சாவி திரும்பியது

1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பின் உரிமம், மூல நிரலை வகுப்பறையில் நடத்தத் தடை போட்டது. லயன்ஸின் புத்தகம் கையிலிருந்து கைக்கு, ஜெராக்ஸாகச் சுற்றியது. அச்சில் முறையாக வெளிவர 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1984-ல் ஏடி அண்ட் டி பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, பழைய கட்டுப்பாடு நீங்கியதும் யூனிக்ஸ் முழுநேர வியாபாரமானது. உரிமக் கட்டணம் ஏறியது. பிஎஸ்டி மீது 1992-ல் வழக்கே போட்டார்கள். அது 1994-ல்தான் சமரசத்தில் முடிந்தது.

ரிட்சி இதில் எங்கே நின்றார்? அவர் போராட்டக்காரர் இல்லை, மேடை ஏறிப் பேசியவரும் இல்லை. நிறுவனத்தின் ஊழியர். நிரல் அவர் எழுதியது, உரிமை நிறுவனத்துடையது. ஒரு பொருளை உருவாக்கியவர் நல்ல மனசுக்காரராக இருந்தால் மட்டும் போதாது, திறந்திருக்கும் கதவு திறந்தே இருக்கச் சட்டப்படி எழுத்து வேண்டும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சாட்சி.

அந்த எழுத்தை வேறு சிலர் எழுதினார்கள். யூனிக்ஸ் போன்ற, ஆனால் யாருடைய அனுமதியும் தேவைப்படாத இயங்குதளத்துக்காக ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டனன்பாம் 1987-ல் மாணவர்களுக்காக ‘மினிக்ஸ்’ எழுதினார். அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸ் கெர்னலை வெளியிட்டார். யூனிக்ஸின் ஒரு வரியைக்கூட நகலெடுக்காமல், அதன் வடிவத்தை மட்டும் பின்பற்றி, ரிட்சியின் ‘சி’ மொழியிலேயே எழுதப்பட்டது அது. இந்த முறை உரிமத்திலேயே எழுதிவிட்டார்கள்: யாரும் பார்க்கலாம், மாற்றலாம், பகிரலாம். மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுத்தால் மூல நிரலையும் சேர்த்துத் தர வேண்டும்.

ஆய்வகத்திலும் குட்டிக் கருவியிலும் ஏன் இதுவே?

அறிவியலுக்கு முக்கியமானது சரிபார்ப்பு. ஒரு கணக்கு எப்படி வந்தது என்று அடுத்தவர் திரும்பச் செய்து பார்க்க முடிய வேண்டும். உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாத பெட்டியில் போட்ட கணக்கை எப்படி நம்புவது? கூடவே, ஆயிரக்கணக்கான பிராசஸர்களைக் கொண்ட கணினிக்கு இயங்குதளத்தைத் தேவைக்கேற்பச் செதுக்கவும் வேண்டும். ஒவ்வொரு பிராசஸருக்கும் தனி உரிமக் கட்டணம் கட்டினால் பட்ஜெட் தாங்காது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் இருப்பவை அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

குட்டிக் கருவிகளின் கதை கொஞ்சம் வேறு. வாஷிங் மெஷின், மழைமானி, கார் பிரேக் போன்றவற்றுக்குள் இருக்கும் கணினிக்கு ‘எம்பெடட்’ கணினி என்று பெயர். சில கிலோபைட் நினைவகம் மட்டுமே உள்ள சிப்பில் லினக்ஸ் நுழையாது. அங்கே ‘ஃப்ரீஆர்டிஓஎஸ்’, ‘செஃபிர்’ போன்ற சின்ன இயங்குதளங்கள் ஓடும். அவையும் திறந்த மூல நிரல்கள், அவையும் ‘சி’யில் எழுதப்பட்டவை. ராஸ்பெர்ரி பை போன்ற கொஞ்சம் பெரிய போர்டு என்றால் லினக்ஸே ஓடும். குறித்த நொடியில் வேலை நடந்தே தீர வேண்டும் என்ற ‘ரியல் டைம்’ வசதிக்கான முக்கிய நிரலும் பல வருட உழைப்புக்குப் பிறகு 2024-ல் லினக்ஸின் பிரதான கெர்னலில் சேர்ந்துவிட்டது.

உச்சகட்ட உதாரணம் பூமியிலேயே இல்லை. 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கோளில் பறந்த நாசாவின் ‘இன்ஜெனுயிட்டி’ ஹெலிகாப்டரில் ஓடியது லினக்ஸ். உள்ளே இருந்தது செல்போனில் வரும் ரக பிராசஸர். அதே நேரம், அதைச் சுமந்துபோன ‘பெர்செவரன்ஸ்’ ஊர்தியில் இருப்பது ‘விஎக்ஸ்வொர்க்ஸ்’ என்ற தனியார் இயங்குதளம். திறந்தது மட்டும்தான் எங்கும் ஜெயிக்கும் என்று அர்த்தமில்லை. திறந்ததை நம்பி வேறொரு கோளில் பறக்கவிடவும் முடியும் என்பதே செய்தி.

‘சி’ மொழிக்கும் குறை உண்டு. நினைவகத்தை நேரடியாகத் தொடவிடுவதால் நிரலாளர் கொஞ்சம் அசந்தாலும் பாதுகாப்பு ஓட்டை விழும். அதனால்தான் 2022 முதல் லினக்ஸ் கெர்னலில் ‘ரஸ்ட்’ என்ற புதிய மொழிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது?

1980-களில் இந்திய வங்கிகள் கணினிக்கு மாறத் தொடங்கியபோதே யூனிக்ஸ் மெஷின்கள் இங்கே வந்துவிட்டன. பிறகு வந்தது லினக்ஸ் அலை. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’, டெபியன் என்ற லினக்ஸ் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு இந்த பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அந்த மாணவர்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால், உள்ளே புகுந்து பார்க்க அனுமதி கொடுத்த இயங்குதளம் அந்த இரண்டில் அது ஒன்றுதான்.

அடுத்த படியும் சென்னையில்தான். ஐஐடி மெட்ராஸின் ‘சக்தி’ திட்டம் சிப்பின் வடிவமைப்பையே திறந்த மூலமாக்கியது. 2018-ல் அவர்களுடைய பிராசஸர் லினக்ஸை இயக்கிக் காட்டியது. புதிய சிப் ஒன்று பிறந்ததும் அதில் ஓட்டிப் பார்க்க ஓர் இயங்குதளம் தயாராக இருந்தது என்றால், அது 1977-ல் ரிட்சியும் ஜான்சனும் செய்துகாட்டிய அதே வித்தை.

நம் எழுத்துக்கும் இதில் பங்கு உண்டு. யூனிக்ஸுக்குப் பிறகு பெல் ஆய்வகத்தில் ‘பிளான் 9’ என்ற இயங்குதளம் உருவானது. அதற்காக 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த ‘யுடிஎஃப்-8’ முறையில்தான் இன்றைக்கு இணையத்தில் தமிழ் எழுத்துகள் பயணிக்கின்றன. அந்த ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் டெனிஸ் ரிட்சி.

சத்தமில்லாத மரணம்

விருதுகள் வராமல் இல்லை. 1983-ல் தாம்சனோடு சேர்ந்து டூரிங் விருது. 1999-ல் அமெரிக்க அதிபர் கிளின்டன் கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம். 2011-ல் ஜப்பான் பரிசு. இத்தனைக்குப் பிறகும் ரிட்சி கூச்ச சுபாவம் உள்ளவராகவே இருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. நிறுவனம் தொடங்கவில்லை. பெல் ஆய்வகத்திலிருந்தே 2007-ல் ஓய்வு பெற்றார்.

புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் சிகிச்சை எடுத்துவந்த அவர், 2011 அக்டோபர் 12 அன்று நியூஜெர்சி வீட்டில் இறந்து கிடந்தார். தனியாக வாழ்ந்ததால் எந்த நாளில் உயிர் பிரிந்தது என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்புதான், அக்டோபர் 5 அன்று, ஸ்டீவ் ஜாப்ஸ் காலமாகியிருந்தார். உலகமே ஜாப்ஸுக்கு அஞ்சலி செலுத்திக்கொண்டிருந்தது. அந்த ஐபோனின் இயங்குதளமும் யூனிக்ஸ் வம்சம்தான் என்பது அந்தச் சத்தத்தில் பலருக்குக் கேட்கவில்லை. கேட்டவர்கள் தங்கள் வழியில் மரியாதை செய்தார்கள். ஃபெடோரா லினக்ஸின் 16-ம் பதிப்பும், ஃப்ரீபிஎஸ்டி 9.0 பதிப்பும் ரிட்சியின் நினைவுக்குச் சமர்ப்பிக்கப்பட்டன.

அவர் வாழ்நாளிலேயே ஒரு நல்லது நடந்தது. 2002 ஜனவரியில், அப்போது உரிமை வைத்திருந்த ‘கால்டெரா’ நிறுவனம் பழைய யூனிக்ஸ் பதிப்புகளைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டது. ஒருகாலத்தில் ஜெராக்ஸில் ஒளிந்து சுற்றிய அந்த 9,000 வரிகளை இன்று யார் வேண்டுமானாலும் செல்போனிலேயே படிக்கலாம்.

மறுபடியும் வெள்ளக்கடை

முதலில் பார்த்த அந்தத் தோட்டத்துக்கே வருவோம். மழையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் ஒரு கருவி வாங்கி வைத்தாகிவிட்டது. ஐந்து வருடம் கழித்து, அதைச் செய்த கம்பெனி மூடப்படுகிறது. கருவி நல்லாத்தான் இருக்கிறது. ஆனால், அது தகவல் அனுப்பிவந்த சர்வர் இல்லை. உள்ளே இருக்கும் நிரல் பூட்டியிருந்தால், கருவி அன்றோடு வெறும் பிளாஸ்டிக் டப்பா. ஐந்து வருட மழைக் கணக்கும் போச்சு. நிரல் திறந்திருந்தால், ‘சி’ தெரிந்த ஒரு கல்லூரி மாணவர் சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, சர்வர் முகவரியை மாற்றி, மறுபடியும் ஓடவைத்துவிடலாம்.

ஆகவே, அடுத்த முறை ஒரு கருவி வாங்கும்போது விலையையும் வாரன்ட்டியையும் மட்டும் கேட்காதீர்கள். கம்பெனி போன பிறகு இதை யார் திறக்க முடியும் என்றும் கேளுங்கள்.